கண்டிக்குக் கொண்டுபோன பாவனை விளையாட்டு

கண்டியில் நல்ல காபி கிடைக்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சண்டை நடக்கிற நாட்டுக்கா போகிறாய், புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்க மெட்ராஸில் நிறைய பேர் இருந்தார்கள். காபியைப் பற்றி எச்சரிக்க ஓர் ஆத்மா இல்லை. முதல் நாள் காலை, நான் தங்கியிருந்த ரஞ்சி வீட்டில் தந்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, நாளையிலிருந்து டீயே போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த டீ அருமை. இந்த ஊரில் தண்ணீர் கேட்டால்கூடத் தேயிலை போட்டுத்தான் தருகிறார்கள்.

எண்பத்து மூன்றாம் வருடத்துக் கலவரம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வடக்கே குண்டு, கண்டியில் மழை. நான் மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். குண்டசாலைப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில், தமிழில் கற்பிக்கும் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரை எப்படித் தட்டுவது என்பதைப் பிறகு யாராவது கற்றுத் தருவார்களாம். அந்த மெஷின் எங்கிருந்து வந்தது, அதற்குள் இருக்கும் எண்ணம் என்ன என்பதை நான் சொல்ல வேண்டும். டிசம்பர் விடுமுறை. நானும் சும்மா இருந்தேன், கிளம்பிவிட்டேன்.

தங்கல் ரஞ்சி வீட்டில். ரஞ்சிதமலர் யாழ்ப்பாணத்துப் பெண், கண்டியில் கணக்கு டீச்சர், என் வகுப்பின் மாணவியும்கூட. கணவர் நாதனுக்குப் பேராதனையில் அரசாங்க உத்தியோகம். மகள் அபிராமிக்கு ஐந்தரை வயது. மஹய்யாவைக்கு மேலே ஏறும் சாலையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். மேலே சிங்கள வீட்டுக்காரம்மா. கலவரத்தின்போது இவர்கள் மூவரையும் அவர்தான் தன் சாமான் அறைக்குள் பூட்டி வைத்துக் காப்பாற்றினாராம். அதைப் பற்றி இரண்டு வீடும் பேசிக்கொள்வதே இல்லை. பலாக்காய்க் கறி வைத்தால் ஒரு கிண்ணம் மேலே போகிறது, பால்சோறு ஆக்கினால் ஒரு தட்டு கீழே வருகிறது.

வந்த அன்றே அந்த வீட்டின் பெரிய தகராறு எனக்குத் தெரிந்துவிட்டது. ஜனவரியில் அபிராமியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பள்ளி ஒன்றுதான், அதில் சிங்கள வகுப்பும் உண்டு, தமிழ் வகுப்பும் உண்டு. எதில் போடுவது? நான் ஊருக்குத் திரும்பும் திங்கட்கிழமைதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டிய நாள்.

"சிங்களத்திலை படிச்சா அவளை ஒருத்தரும் தொடமாட்டினம்" என்றார் நாதன், இடியப்பத்தில் சொதியை ஊற்றியபடி. "நாங்கள் பட்டது காணும். தமிழ் வீட்டிலை இருக்குத்தானே."

"வீட்டுக்கை மட்டும் வச்சிருக்கிறது எவ்வளவு நாளைக்கு இருக்கும்?" என்றாள் ரஞ்சி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சம்பலைப் பார்த்தேன். விருந்தாளிக்குச் சில நேரம் காரம் உதவுகிறது.

மறுநாள் காலை வகுப்புக்குப் புறப்படும்போது ரஞ்சி தயங்கித் தயங்கி என் அருகில் வந்தாள். "அக்கா, குறை நினையாதேங்கோ. பஸ்ஸுக்குள்ளை பொட்டு வேண்டாம். அங்கை போய் இறங்கினாப் பிறகு வைப்பம்." அவள் தன் பொட்டை ஏற்கெனவே எடுத்திருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் நெற்றியில் என்ன இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு சிப்பாய் சொல்வானா? என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, வைத்தபடியேதான் வருவேன் என்றேன். பஸ்ஸில் அவள் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டாள். என் பொட்டு அவளையும் தமிழ் என்று காட்டிக்கொடுக்கும் என்பது எனக்கு உடனே புரிந்தது. அடுத்த நாள் நானே பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தேன்.

முதல் வகுப்புக்குப் போன அன்று பஸ் நிலையம் வரை நாதனும் அபிராமியும் வந்தார்கள். வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழில் வாய் ஓயாமல் பேசுகிற குழந்தை, கேட்டைத் தாண்டியதும் சிங்களத்துக்கு மாறிவிட்டது. "தாத்தா" என்று அப்பாவைக் கூப்பிட்டது. முப்பத்தைந்து வயது மனிதரைத் தாத்தா என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்களத்தில் அப்பாவுக்கு அதுதான் பேர் என்று ரஞ்சி காதோடு சொன்னாள். அம்மாவுக்கு மட்டும் இரண்டு மொழியிலும் அம்மாதான். அந்த மட்டுக்கும் சௌகரியம்.

முதல் பாடம் தறி. நெய்கிறவருக்குப் பதிலாகத் துளை போட்ட அட்டைகள் தறிக்குக் கட்டளையிட்டதை, பூவா கொடியா என்பதை அட்டையே தீர்மானித்ததைச் சொன்னேன். அதைப் பார்த்து ஓர் ஆங்கிலேயர் பித்தளைச் சக்கரங்களால் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றை வரைந்தார், கடைசிவரை கட்டி முடிக்கவில்லை. கட்டாத அந்த இயந்திரத்துக்கு ஒரு பெண்மணி வேலை வரிசை எழுதி வைத்தார் என்றதும் டீச்சர்மார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீடு கட்டுமுன்பே சமையலுக்குத் திட்டம் போட்டவள் என்று ஒருவர் சொன்னார்.

இதெல்லாம் சரி, கம்ப்யூட்டர் எங்கே? கொழும்பிலிருந்து லாரியில் வந்த அது பிலிமத்தலாவையில் கைதாகிவிட்டது. பெட்டிக்குள் வயரும் கண்ணாடியுமாக இருப்பதைப் பார்த்த ராணுவத்தினர், விஷயம் தெரிந்த அதிகாரி வரட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்களாம். லாரி டிரைவர் அது ஒரு மாதிரி டெலிவிஷன் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் படம் காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வார முடிவில்தான் விடுதலை கிடைத்தது.

ஆகவே கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம். ஒரு வகையில் அதுதான் நியாயம். இந்த எண்ணத்தை முதலில் நினைத்தவரிடமும் கம்ப்யூட்டர் இல்லை. ஓர் இளம் ஆங்கிலேயக் கணித அறிஞர், நீளமான காகித நாடா ஒன்றையும், அதில் கட்டம் கட்டமாக நகர்ந்து, படித்து, அழித்து, எழுதும் ஒரு தலையையும் மனசுக்குள்ளேயே கட்டினார். நாங்கள் அதை வராந்தாவின் சிவப்புத் தரையில் கட்டினோம். சுண்ணாம்புக் கட்டியால் கட்டங்கள் வரைந்து, இரண்டுக்காக இரண்டு கட்டத்தில் ஒன்று, ஒரு வெறும் கட்டம் விட்டு, மூன்றுக்காக மூன்று கட்டத்தில் ஒன்று எழுதினேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் ஜெஸீமா டீச்சர்தான் நகரும் தலை. விதிகளைச் சுவரில் ஒட்டினோம். முதல் ஒன்றை அழி, வலப்பக்கம் போ. அதன்பின் ஒன்று வந்தால் அப்படியே விட்டு நகர். வெறும் கட்டம் வந்தால் ஒன்று போடு, நில். யோசிக்கக் கூடாது, விதி சொன்னதை மட்டும் செய்ய வேண்டும்.

ஜெஸீமா டீச்சர் பருத்த உடம்போடு குனிந்து நிமிர்ந்து, இரண்டையும் மூன்றையும் கூட்டி முடிக்க வெகுநேரம் ஆகிவிட்டது. "யா அல்லாஹ், இந்த வேலைக்கா இவ்வளவு நேரம்? எங்கட வாப்பா கடையில விரல மடக்கியே செஞ்சிருப்பாரே!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். அவர் கொண்டுவந்திருந்த வட்டிலப்பம் என்ற தேங்காய்ப்பால் இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுச் சுவரிலிருந்த விதிகளை மட்டும் மாற்றினேன். அதே ஜெஸீமா டீச்சர் இப்போது கூட்டவில்லை, கழித்தார்.

எனக்கு இருபது வருடமாக அலுக்காத இடம் இதுதான். மெஷினை மாற்ற வேண்டாம், விதியை மாற்றினால் போதும். எந்த மெஷினின் விதியைக் கொடுத்தாலும் அந்த மெஷினாகவே நடந்துகொள்ளும் ஒரே மெஷின். டைப்ரைட்டர் போல் நடி என்றால் டைப்ரைட்டர், சதுரங்கம் ஆடுகிறவன் போல் நடி என்றால் அது. தனக்கென்று ஒரு வேலை இல்லாததால்தான் அதால் எல்லா வேலையையும் செய்ய முடிகிறது. கம்ப்யூட்டர் என்ற இவ்வளவு பெரிய சங்கதியும் அடிப்படையில் பாவனைதான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும் என்று என் மாணவிகள் கேலி செய்வார்கள். கண்டியிலும் உயர்ந்தது.

வெள்ளிக்கிழமை பாவனை விளையாட்டுக்கு வந்தேன். அதே அறிஞர் பிற்காலத்தில் சொன்னது. ஓர் அறையில் நடுவர், வேறோர் அறையில் ஒளிந்து பதில் சொல்கிறவர். சீட்டில் கேள்வி போகும், சீட்டில் பதில் வரும். பதிலை மட்டும் வைத்து, உள்ளே இருப்பது மனிதனா மெஷினா என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் மெஷின் ஜெயித்தது.

வகுப்பு மொத்தமும் சேர்ந்து சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இதச் சொல்லவா மிஸ் மெட்ராஸிலருந்து வந்தீங்க?" என்றார் ஜெஸீமா டீச்சர். "இங்க டெய்லி பஸ்ஸில நடக்கிறதுதானே!"

அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. மஹய்யாவையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர், "நான் எப்பவும் ஒரு சிங்களப் பேப்பர விரிச்சு வச்சுக்குவேங்க. ஒருநாள் தலைகீழாப் பிடிச்சிருந்தேன், பக்கத்து சீட்டு அய்யா ஒண்ணும் சொல்லாம திருப்பிக் குடுத்தாரு" என்றார். இன்னொருவர் பஸ்ஸில் இருமல்காரராக நடிப்பாராம், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த அறிஞரும் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை ஒளித்தே வாழ நேர்ந்தவர் என்று படித்திருக்கிறேன். இருபது வருடம் இதைப் பாடம் நடத்திய எனக்கு, விளையாட்டையும் அந்த வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க அன்றுவரை தோன்றவில்லை.

ரஞ்சி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, கேள்வி கேக்கிறவருக்கு என்ன தெரியும் எண்டுதானே அந்த மனுஷன் யோசிச்சிருக்கிறார். உள்ளுக்கை இருந்து பதில் சொல்லுற ஆளுக்கு என்ன நடக்கும் எண்டு கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை என்றேன்.

சனிக்கிழமை கடைசி வகுப்பு. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பெட்டியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தோம், ரஞ்சி அபிராமியைக் கூட்டி வந்தாள். நூறுக்குள் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதியிருந்தேன். ஐம்பதைவிடப் பெரிதா, இருபத்தைந்தைவிடப் பெரிதா என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து பிடித்துவிடும். எல்லோருடைய எண்ணையும் பிடித்தது. அபிராமியின் எண்ணை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் மனசுக்குள் வேறு எண்ணுக்கு மாறிக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. கண் இமைக்காமல் மெஷினை ஏமாற்றிய அந்தக் குட்டிக் கழுதையைத் தூக்கிக் கொஞ்சினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நெரிசல். எனக்கு இடம் கிடைத்தது, அபிராமி என் மடியில். ரஞ்சி முன்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். தென்னக்கும்புர பாலத்தருகே பஸ்ஸை நிறுத்தி இரண்டு சிப்பாய்கள் ஏறினார்கள். ஆளுக்கு ஆள் அடையாள அட்டை பார்த்தார்கள். ரஞ்சியின் அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அவளைக் கீழே இறங்கச் சொன்னார்கள். அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இறங்கி, என் ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

சிப்பாய் என்னிடம் வந்தான். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். பிறகு குழந்தையைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். இருபது வயது இருக்குமா அவனுக்கு? முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது. அபிராமி தயங்காமல் பதில் சொன்னாள். அவன் ஜன்னலுக்கு வெளியே ரஞ்சியைக் காட்டி இன்னொன்று கேட்டான். அவள் எட்டி அம்மாவை நன்றாகப் பார்த்துவிட்டு, கணீரென்று ஏதோ சொன்னாள். அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு நகர்ந்தான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கீழே நின்ற ரஞ்சியின் முகத்தை மட்டும் பார்த்தேன்.

சிப்பாய்கள் இறங்கியதும் டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். ஐயோ, நிறுத்துங்கள் என்று தமிழில் கத்த வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற சிங்களப் பெண்மணி ஒருத்தி கண்டக்டரிடம் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னாள். கண்டக்டர் தலையாட்டினார், இன்ஜின் அணைந்தது. பஸ்ஸே பேசாமல் காத்திருந்தது. அரசாங்க ஆசிரியை என்ற அட்டையைக் காட்டிய பிறகு ரஞ்சியை விட்டார்கள். அவள் ஏறியதும் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ரஞ்சி எனக்கு மொழிபெயர்த்தாள். சிப்பாய் முதலில் பேர் கேட்டிருக்கிறான். நிலூகா என்று சொல்லியிருக்கிறாள் குழந்தை. அதோ நிற்கிறாளே, அவள் உன் அம்மாவா? "இல்லை. அவவை எனக்குத் தெரியாது. என் அம்மா வீட்டில் இருக்கிறா." கூடைக்காரப் பெண்மணி கண்டக்டரிடம் சொன்னதைக் குழந்தையே கேட்டு வந்து ஒப்பித்தது, "பிள்ளையின் அம்மா ஏறட்டும்." பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவர் வாய் திறக்கவில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

நாதன் மகளைத் தூக்கிச் சுற்றினார். "என்ர கெட்டிக்காரி! பாத்தியோ ரஞ்சி, இவளுக்குச் சிங்கள வகுப்புத்தான் சரி."

ரஞ்சி குழந்தையைத் திட்டவில்லை. பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். "நாங்கள் சொல்லிக் குடுத்ததைத்தான் செய்தவள். பிழை இல்லை. என்ர நெத்தியிலை பொட்டு இருந்தாத் தமிழ், இல்லாட்டிச் சிங்களம், ஆமி கேட்டா என்னைத் தெரியும் எண்டு காட்டக் கூடாது. அதுதான் எங்கட ஒப்பந்தம். ஆனா அக்கா, அவள் என்னைப் பாத்துத்தான் சொன்னவள். ஆரோ பிற மனுசியைப் பாக்கிற மாதிரி. நடிக்கிறவளிட்டை ஒரு சின்னப் பயமெண்டாலும் இருக்கும். அவளிட்டை அதுவும் இல்லை."

அன்று எனக்கு என் பாடத்தின் மேலேயே கோபம் வந்தது. மெஷினுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை, அதனால் எதுவாக நடித்தாலும் அதற்கு நஷ்டம் இல்லை. அதை எவ்வளவு பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஐந்தரை வயதுப் பிள்ளையை அப்படி ஆக்க வேண்டியிருக்கிற ஊரில் அந்தப் பெருமைக்கு என்ன மதிப்பு?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரஞ்சி, தமிழ் வகுப்புத்தான் என்றாள்.

"நேற்றுப் பாத்த பிறகுமோ?" என்றார் நாதன்.

"பாத்தபடியாத்தான்."

அவர் எழுந்து போய்க் கேட்டருகே நெடுநேரம் நின்றார். அவர் பயம் பொய்யில்லை. சாமான் அறையில் பூட்டிக் கிடந்தபோது குழந்தையின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தது அவர் கைதான் என்று ரஞ்சி சொல்லியிருந்தாள். திரும்பி வந்து, சரி என்றார்.

திங்கட்கிழமை எனக்கு மத்தியானம்தான் ரயில், நானும் பள்ளிக்குக் கூடப் போனேன். அங்கே தமிழ்ப் பிரிவு மேசையில் இருந்தவர் நம் ஜெஸீமா டீச்சர், அவர் வேலை பார்ப்பதும் அதே பள்ளியில்தான். பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது.

"வாங்க வாங்க. எந்த வகுப்பு?" என்றார். தமிழ் என்றாள் ரஞ்சி. நாதன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். மகள், இந்தக் கதிரையில ஏறி இருங்க. பேர் என்ன? உம்மாகிட்டக் கேக்கல்ல, மகள்தான் சொல்லணும்."

அபிராமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் திரும்பி, பஸ்ஸில் சொன்ன அதே கணீர்க் குரலில், சுத்தச் சிங்களத்தில் சொன்னாள். நிலூகா.

ஜெஸீமா டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். ரஞ்சியின் கை நெற்றிக்குப் போயிற்று. பஸ்ஸில் வந்த அவசரத்தில் பொட்டை மறந்திருந்தாள். கைப்பையைத் திறந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தாள். எடுத்தவள் என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப உள்ளே போட்டுப் பையை மூடினாள். வெறும் நெற்றியோடு குழந்தையின் முன்னால் குந்தினாள்.

"அபி, என்னை வடிவாப் பார். பொட்டு இல்லாட்டிலும் நான்தான் உன்ர அம்மா. இப்ப சொல்லு, நீ ஆர்?"

குழந்தை குழம்பிப்போயிற்று. விதி மாறிவிட்டது, மாறியதை யாரும் சொல்லவில்லை. வெறும் நெற்றியையும் அம்மாவின் கண்களையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அபிராமி" என்றது.

ரஞ்சி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நாதனும் வந்து பக்கத்தில் நின்றார். அம்மாவின் தோள்மேலிருந்து தலையைத் தூக்கிக் குழந்தை கேட்டது.

"பஸ்ஸிலையும் இதைச் சொல்லலாமோ?"

ரஞ்சி நாதனைப் பார்த்தாள். நாதன் என்னைப் பார்த்தார். ஜெஸீமா டீச்சர் பேனாவை எடுத்து, குனிந்து அபிராமி என்று எழுதத் தொடங்கினார்.